எருசலேமுக்கு நாம் பட்ட கடன்

ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது, செய்த பாவங்களோடு செய்யாமல் விட்டவற்றையும் சேர்த்தே தேவனிடம் ஒப்புக்கொள்கிறோம். செய்தது என்னவென்று அவரவர் மனசுக்குத் தெரியும். செய்யாமல் விட்டது எது என்று நின்று யோசிப்பதற்குள் ஆராதனை அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறது. தமிழ்நாட்டுத் திருச்சபையாராகிய நாம் செய்யாமல் விட்ட ஒன்றைப் பெயர் சொல்லி அறிக்கையிட வேண்டிய காலம் இது. இயேசு பிறந்து, நடந்து, மரித்து, உயிர்த்த மண்ணில் இன்றைக்கும் வாழ்கிற சபையை நாம் மறந்துபோனோம்.

மண்ணை நாம் மறக்கவில்லை. 122ஆம் சங்கீதத்தை எடுத்து எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபிக்கிறோம். புனிதப் பயணம் போகிறவர்களைச் சபையாக நின்று ஜெபித்து அனுப்புகிறோம். அந்தப் பயணத்துக்குத் தமிழக அரசும் மானியம் தருகிறது. போய் வருகிறவர்கள் யோர்தான் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவருவார்கள், கூடவே ஒலிவமரச் சிலுவையும். தெற்கத்தி வீடுகள் பலவற்றில் முன்னறை ஷோகேஸில் அதைப் பார்க்கலாம். வெளிர்மஞ்சள் மரம், நடுவே வளைந்து ஓடும் கரும்பழுப்பு ரேகை, உள்ளங்கை அளவு. கவாத்து செய்த ஒலிவக் கிளைகளிலிருந்து அதைச் செதுக்குகிறவர்களில் பெரும்பாலோர் பெத்லகேமிலும் பக்கத்து ஊரான பெய்ட் சாகூரிலும் தலைமுறை தலைமுறையாக இதே வேலை செய்துவரும் பாலஸ்தீனக் கிறிஸ்தவக் குடும்பத்தார். சிலுவையைத் துடைத்துத் துடைத்து வைத்த நாம், அது யார் கைவேலை என்று பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. சொல்ல நமக்கே தெரியாது.

தெரிந்துகொள்ள வாய்ப்பு இருந்தது. பெத்லகேம் வரை பேருந்தில் போனோம். சோதனைச் சாவடியையும் உயரமான கான்கிரீட் சுவரையும் ஜன்னல் வழியே பார்த்தோம். பிறப்பிட ஆலயத்தின் குள்ளமான வாசலில் குனிந்து நுழைந்தோம், படம் எடுத்தோம், கடையில் சாமான் வாங்கினோம், பொழுதோடு திரும்பிவிட்டோம். இந்த ஊரில் நம் சபை எது, ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. வெளியூரில் ஒரு கிறிஸ்தவரைக் கண்டால் முதலில் எந்தச் சபை என்று விசாரிக்கிற நாம், இயேசுவின் ஊரில் அதைக் கேட்காமல் வந்தோம்.

பெந்தெகொஸ்தே நாளில் தங்கள் மொழியில் தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டவர்களின் பட்டியலில் அரபியரும் இருக்கிறார்கள். அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்தை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அரபி பேசுகிறவர் என்றால் கிறிஸ்தவராக இருக்க மாட்டார் என்ற நினைப்போடும் அதே பிள்ளைகள் வளர்கிறார்கள். அந்த நினைப்பைக் கொடுத்தது நம் வீட்டுப் பேச்சும் நம் பிரசங்கமும்தான். கன்வென்ஷன் பந்தல்களில் எசேக்கியேல் 38ஐ விரித்து, எந்த நாடு எதன் அடையாளம் என்று கேட்டோம். கடைசிக்காலக் கடிகாரத்தில் மணி என்ன என்று பார்க்கும் ஆவலில், அந்த நாடுகளில் சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளை பெற்று, ஞானஸ்நானம் கொடுத்து வாழும் மனிதர் நம் கண்ணில் படவில்லை.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். சுமார் 250 பேர் பிணைக்கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களுக்காகவும் நாம் அழவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அன்று ராத்திரியே தீர்க்கதரிசன விளக்கங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தன. அடுத்து வந்த போரில் காசாவில் சாவு பல்லாயிரக்கணக்கில் ஏறியது. போருக்கு முன் அங்கே கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான்; நம் ஊர்ச் சபைகள் சிலவற்றைவிடச் சிறிய கூட்டம். அக்டோபர் 19 இரவு, புனித பொர்பிரியூ ஆலய வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது இஸ்ரேலிய வான்தாக்குதலில் கட்டடம் இடிந்து விழுந்தது. 18 பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. அடுத்த ஞாயிறு நம் பரிந்துபேசும் ஜெபத்தில் அவர்களுக்கு ஒரு வரி இருந்ததா? சில சபைகளில் இருந்திருக்கலாம். பெரும்பாலும் இல்லை.

அதற்கு இரண்டு நாள் முன்பு காசாவின் அல்-அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் குண்டு வெடித்தது. யாருடைய குண்டு என்று நம் குழுக்களில் வாக்குவாதம் நடந்தது. செத்தவர்களுக்காக அந்தக் குழுக்களில் யாரும் ஜெபம் கேட்கவில்லை. அந்த மருத்துவமனை யாருடையது என்று தெரிந்திருந்தால் நாம் அப்படிப் பேசியிருக்க மாட்டோம். அதை 1882இல் தொடங்கியது சி.எம்.எஸ். மிஷன். 1820இல் ரேனியஸ் ஐயரைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிய அதே சி.எம்.எஸ்.! நெல்லைச் சீமையில் நம் பாட்டன் பூட்டனுக்கு எழுத்தறிவித்த மிஷன்தான் காசாவில் மருந்தும் கட்டும் கொடுக்கப் போனது. இன்று அந்த மருத்துவமனை ஆங்கிலிக்கன் சபையின் எருசலேம் திருமண்டலத்தின் கையில் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையாகிய நாமும் அதே உலக ஐக்கியத்தில் இருக்கிறோம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரின் வழிவந்த லுத்தரன் சபைக்கும் பெத்லகேம் லுத்தரன் சபைக்கும் இதே உறவுதான்.

2025 ஏப்ரல் 13 குருத்தோலை ஞாயிறு. தெருத்தெருவாக ஓசன்னா பாடி, குருத்தோலை பிடித்துப் பிள்ளைகளை முன்னால் விட்டுப் பவனி போனோம். அன்று அதிகாலையில் அல்-அஹ்லி மருத்துவமனை மறுபடியும் தாக்கப்பட்டது. நோயாளிகளை அவசரமாக வெளியேற்றியபோது, ஏற்கெனவே தலையில் அடிபட்டிருந்த ஒரு குழந்தை இறந்துபோனது என்று எருசலேம் திருமண்டலம் அறிவித்தது. பவனி முடிந்து கோயிலில் உட்கார்ந்த நமக்கு அந்தச் செய்தியைப் படித்துக் காட்ட ஆளில்லை. படிக்கச் சொல்லிக் கேட்கவும் ஆளில்லை.

2023 டிசம்பரில் நமக்கும் துயரம் வந்தது உண்மை. 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டு, தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்தக் கிறிஸ்துமஸில் வேறெதையும் நினைக்க முடியவில்லை என்று சொல்லலாம். ஆனால் வெள்ளத்தில் நின்ற நமக்குச் சோறும் போர்வையும் கொண்டுவந்தவர்களில் பலர் நம் முகத்தைக்கூட முன்பின் பார்த்தறியாதவர்கள். அந்த அன்பை வாங்கிக்கொண்ட அதே மாதத்தில், பெத்லகேம் லுத்தரன் சபை கிறிஸ்துமஸ் குடிலை இடிபாட்டுக் கற்களால் கட்டி, நடுவில் பாலகன் இயேசுவைக் கிடத்தியிருந்தது. போதகர் முந்தர் ஐசக் அங்கிருந்து உலகச் சபைகளை நோக்கிப் பேசினார். அந்தப் படம் நம் போனுக்கும் வந்தது. விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனோம்.

போப் பிரான்சிஸ் அந்த மாதங்களில் ஏறக்குறைய தினமும் மாலையில் காசாவின் திருக்குடும்ப ஆலயத்துக்குப் போன் போட்டு, சாப்பிட்டீர்களா, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்தார். 2025இல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் கூப்பிட்டார். கிழவருக்குத் தெரிந்த மொழி கொஞ்சம், அங்கிருந்த சிறுவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சம். விசாரிக்க அது போதுமாயிருந்தது. நம் வீடுகளில் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்காக, மகள் பிரசவத்துக்காக, பேரனின் நீட் பரீட்சைக்காக ஊன்றி ஜெபிக்கிறோம். ஜெபிக்கத்தான் வேண்டும். ஆனால் டிவியில் கண்ட காசாக் குழந்தையைப் பற்றி நம் பிள்ளை கேட்டபோது, அதெல்லாம் வசனம் நிறைவேறுகிறது, நீ படி என்று வாயடைத்தோம். தாகத்தில் கிடந்த ஆகாரின் பிள்ளையின் சத்தத்தைத் தேவன் கேட்டார் என்று ஆதியாகமம் 21 சொல்கிறது. அந்த அதிகாரம் குடும்ப ஜெபத்தில் முறைப்படி வந்தபோது வாசித்தோம். அடுத்த ராத்திரி அடுத்த அதிகாரம்.

பவுல் அப்போஸ்தலன் ஊழியத்தின் கடைசிக் கட்டத்தில் ஊர் ஊராகக் காணிக்கை சேர்த்தது எருசலேம் சபையின் ஏழைகளுக்காகத்தான். மக்கெதோனியச் சபையார் தாங்களே கொடிய தரித்திரத்தில் இருந்து கொடுத்தார்கள். ரோமர் 15இல் அதை அவர்கள் தீர்க்க வேண்டிய கடன் என்றே பவுல் எழுதுகிறார். அங்கிருந்து ஞான நன்மையைப் பெற்றவர்கள் சரீர நன்மையால் உதவ வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் காணிக்கையோடு எருசலேமுக்குப் போன பயணத்தில்தான் அவர் பிடிபட்டார். கத்தோலிக்க சகோதரர்கள் பெரிய வெள்ளியன்று புனித நாட்டுச் சபைகளுக்கென்றே காணிக்கை எடுக்கிறார்கள். நம் சேகரங்களில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. அறுப்பின் பண்டிகையில் பூசணியும் வாழைத்தாரும் சேவலும் ஏலம் போகும்போது, ஒரு ஏலத்தின் தொகையையாவது அல்-அஹ்லிக்கு என்று ஒதுக்கிவைக்கலாம். அனுப்புகிற வழியைத் திருமண்டலம் பார்க்கட்டும். இதை வாலிபர் கூட்டத்தின் தலையில் கட்டாமல், வருகிற சேகரக் கமிட்டியில் எழுந்து கேட்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்.