நிரல் எழுதச் சொல்லும் பள்ளி, விரல் பழக்க மறந்தது

பெங்களூரு: நடுநிலை வகுப்புகளிலேயே கணினி நிரல் எழுதும் பயிற்சி தொடங்கப்பட வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை கூறியது. 2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதலே செயற்கை நுண்ணறிவு கற்பிக்கப்படும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆனால், விசைப்பலகையைப் பார்க்காமல் பத்து விரல்களாலும் தட்டச்சு செய்யப் பிள்ளைகளுக்கு யார், எந்த வகுப்பில் கற்றுத் தருவது என்பதைப் பற்றி தில்லியும் பேசவில்லை, நாட்டின் தகவல் தொழில்நுட்பத் தலைநகரம் எனப்படும் பெங்களூரும் பேசவில்லை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்தில் தட்டச்சு இல்லாமல் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கான 'தகவல் தொழில்நுட்பம்' என்ற திறன் பாடத்தில் அதற்கென்று ஓர் அலகே உண்டு. ஆனால் அது விருப்பப் பாடம். அதை எட்டுவதற்குள் மாணவர் மூன்று, நான்கு ஆண்டுகள் இரண்டு விரல்களால் எழுத்துகளைத் தேடித் தேடித் தட்டிப் பழகிவிடுகிறார். படிந்துவிட்ட இந்தப் பழக்கத்தை மாற்றுவது, முதலிலேயே முறையாகப் பழக்குவதைக் காட்டிலும் கடினம் என்பதைத் தட்டச்சுப் பயிலகம் நடத்திய எவரும் சொல்வார்.

கர்நாடக அரசு இத்துறையில் பின்தங்கியது என்று கூற முடியாது. 2001ஆம் ஆண்டு வாக்கிலேயே 'மாஹிதி சிந்து' திட்டத்தின் கீழ் ஆயிரம் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்கிய மாநிலம் அது. அரசு ஊழியர்கள் கணினித் தேர்ச்சித் தேர்வில் வெற்றி பெற வேண்டும் என்ற விதியையும் 2012ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. பணியில் சேர்ந்தபின் தேர்வு வைத்துச் சோதிக்கப்படும் திறனின் முதற்படியைப் பள்ளியிலேயே கற்பித்திருக்கலாமே என்ற கேள்வி மட்டும் எழவில்லை.

இதன் விளைவு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக இல்லை. 2017-18ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 சதவீதத்திடமும், கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவீதத்திடமும்தான் கணினி இருந்தது. வீட்டில் கணினி உள்ள பிள்ளை பள்ளி கற்பிக்காவிட்டாலும் எப்படியோ பழகிக்கொள்ளும். மற்றப் பிள்ளைக்குப் பள்ளி ஆய்வகத்தை விட்டால் வேறு வழியில்லை. அங்கும் மத்திய அரசின் திட்டப்படி வருவது பெரும்பாலும் பத்துக் கணினிகள். நாற்பது பேர் வகுப்பில் நால்வருக்கு ஒன்று. அந்த நால்வரில் விசைப்பலகை யார் கைக்குப் போகிறது என்பதை ஆசிரியர்கள் அறிவார்கள்.

கைப்பேசி இருக்கிறதே என்பர். கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ளோரில் 82 சதவீதத்தினருக்கு மேல் திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் என்று 2024ஆம் ஆண்டின் 'அசர்' அறிக்கை கூறியது உண்மையே. ஆனால் அது கட்டைவிரலின் திறமை. அரசு வேலைக்கான தேர்வு அறையில் அது செல்லாது.

பணியாளர் தேர்வாணையம் நடத்தும் மேல்நிலைப் பள்ளித் தகுதித் தேர்வில் எழுத்தர் பணிக்கு ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொற்கள், அல்லது ஹிந்தியில் 30 சொற்கள் தட்டச்சு செய்தாக வேண்டும். மணிக்கணக்கில் பார்த்தால் ஆங்கிலத்துக்கு 10,500 விசை அழுத்தங்கள். இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் இதில் தவறினால் எழுத்துத் தேர்வில் எடுத்த மதிப்பெண் அனைத்தும் வீண்.

இங்கேதான் மொழி அரசியலும் நுழைகிறது. தென் மாநிலங்களின் நெடுநாள் கோரிக்கைக்குப் பின், இந்த எழுத்துத் தேர்வைத் தமிழ், கன்னடம் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடத்த 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புக்கொண்டது. தட்டச்சுத் தேர்வு மட்டும் ஆங்கிலம், ஹிந்தி என்ற இரண்டோடு நின்றுவிட்டது. கன்னடத்தில் தேர்வெழுதித் தேறிய பெங்களூரு மாணவரும், தமிழில் எழுதித் தேறிய மதுரை மாணவரும் கடைசிப் படியில் ஆங்கில விசைப்பலகையின் முன்னால்தான் அமர வேண்டும். முந்தைய கதவைத் திறக்கப் போராடிய கட்சிகள் இந்தக் கதவைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் 'லோயர்', 'ஹையர்' தேறிய சான்றிதழோடு ரயிலேறிய தமிழர்கள் தில்லி, மும்பை அலுவலகங்களை நிரப்பினர். கரோல்பாகில் தமிழ்க் குடியிருப்புகள் உருவானதில் அந்தச் சான்றிதழுக்கும் பங்குண்டு. அதைத் தந்தவை தெருமுனைப் பயிலகங்கள், பள்ளிகள் அல்ல. தட்டச்சுப் பொறிகளின் உற்பத்தியை கோத்ரெஜ் நிறுவனம் நிறுத்திப் பல ஆண்டுகளாகின்றன. பயிலகங்கள் குறைந்தபோது அந்தப் பொறுப்பைப் பள்ளி ஏற்கவில்லை.

பள்ளி ஏற்குமானால் எந்த விசைப்பலகையைக் கற்பிப்பது? கர்நாடகத்துக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. கே.பி. ராவ் வகுத்து, கன்னட கணக பரிஷத்தின் 'நுடி' மென்பொருள் வழியே பரவிய அமைப்பு ஒலிப்பு முறையிலானது. 'க' என்ற எழுத்து ஆங்கிலத்தின் 'கே' விசையிலேயே இருக்கும். ஆகவே ஆங்கிலத்துக்குப் பழகிய விரல், கன்னடத்துக்கும் பெரும்பாலும் பழகியதாகிறது. மத்திய அரசு முன்வைக்கும் 'இன்ஸ்கிரிப்ட்' முறையோ உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்யெழுத்துகளைப் பெரும்பாலும் வலக்கைக்கும் ஒதுக்கி, இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே வரிசையை வைக்கிறது. தமிழகத்தில் 1999ஆம் ஆண்டு ஏற்கப்பட்ட 'தமிழ் 99' இருக்க, அரசுத் தட்டச்சுத் தேர்வு பல ஆண்டுகள் பழைய பொறியின் வரிசையிலேயே நடந்தது. ஒரு வரிசையை முடிவு செய்து ஆறாம் வகுப்பில் கற்பிக்காதவரை இந்தக் குழப்பம் தீராது.

கேரளம் முடிவு செய்தது. அங்கு 2001ஆம் ஆண்டு தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் கட்டற்ற மென்பொருளையும் இன்ஸ்கிரிப்டையும் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. மாநிலப் பள்ளிகளின் தகவல் தொழில்நுட்ப விழாவில் மலையாளத் தட்டச்சு ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டு வெளியான பொதுப் பாடத் தரநிலைகள், ஆறாம் வகுப்பு மாணவர் ஒரே அமர்வில் மூன்று பக்கம் தட்டச்சு செய்ய வேண்டும் என்று அளவே குறித்தன.

இனிப் பேசினாலே கணினி எழுதிக்கொள்ளும் என்ற வாதத்தையும் புறக்கணிக்க முடியாது. மத்திய அரசின் 'பாஷிணி' திட்டம் இந்திய மொழிகளில் பேச்சை எழுத்தாக்க முயல்கிறது. எனினும் நாற்பது பேர் வகுப்பில் நாற்பது பேரும் கணினியோடு பேச முடியாது. தேர்வாணையமும் அதை ஏற்காது. நிரலைப் பொறுத்தவரை ஓர் அரைப்புள்ளி தவறினாலும் இயங்காமல் போகலாம்.

செலவு பெரிதல்ல. சமக்ர சிக்ஷா திட்டத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு ஆறாம் வகுப்பு முதலே பொருந்தும். பள்ளி ஒன்றுக்கு 6.40 லட்சம் ரூபாய் வரை ஒருமுறை மானியமும், ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2.40 லட்சம் ரூபாய் வரையும் அதில் இடமுண்டு. வகுப்பை நான்காகப் பிரித்தால் பத்துக் கணினிகளே போதும். பயிற்சி மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கால அட்டவணையில் வாரம் இரண்டு பாடவேளைகளை ஒதுக்குவது மாநிலக் கல்வித் துறையின் கையில் உள்ளது; தட்டச்சுத் தேர்வில் கன்னடத்தையும் தமிழையும் சேர்ப்பது தில்லியின் கையில்.