எரிமலை போதும், நிழலை அளக்கட்டும்!

பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி என்று அறிவிப்பு வந்தால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை அத்தாவிடம் வந்து நிற்கிறது. அத்தா கடையைப் பாதியில் பூட்டிவிட்டு நேரு வீதிக்கு ஓடுகிறார். தெர்மாகோல், கலர் பேப்பர், பசை, சின்ன மோட்டார் எல்லாம் வந்து சேருகின்றன. இரவு பதினொன்று வரை அம்மாவும் அத்தாவும் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். பிள்ளை தூங்கிவிடுகிறது! மறுநாள் மேசை மேல் ஓர் எரிமலை. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரை பொங்கும். வந்தவர்கள் கைதட்டுவார்கள். "சோடாவைப் பாதியாகக் குறைத்தால் நுரையும் பாதியாகுமா?" என்று நடுவர் கேட்டால், பிள்ளை தான் மனப்பாடம் செய்து வந்த நான்கு வரியை மறுபடியும் ஒப்பிக்கிறது.

குற்றம் பிள்ளையின் மீதா? இல்லை. சோடாவைக் குறைத்துப் பார் என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. கெட்டுப் போனாலும் பரவாயில்லை, நீயே செய்து பார் என்று விடவும் இல்லை. கண்காட்சி என்றால் அழகுப் பொருள் காட்டும் இடம் என்று பெற்றோரும் நினைக்கிறார்கள், பல பள்ளிகளும் நினைக்கின்றன. தனக்கு எழுந்த ஒரு கேள்வி, அதற்கு ஓர் ஊகம், அந்த ஊகம் சரிதானா என்று பார்க்கும் ஒரு சோதனை, அளந்து எழுதிய குறிப்பேடு. பிள்ளை மேசையில் வைக்க வேண்டியவை இவையே.

இங்கே சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். மனனம் நம் மரபாயிற்றே, அதைக் குறை சொல்லலாமா? மதரஸாவில் ஓதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: திருக்குர்ஆனை மனனம் செய்வது ஓர் எழுத்தும் மாறாமல் காப்பதற்காக. அங்கே மாறாமல் இருப்பதுதான் நோக்கம். அறிவியல் பாடம் அப்படியல்ல. நேற்று எழுதியதை இன்று சோதித்துப் பார்த்து, தவறென்றால் திருத்திக்கொள்வது அதன் இயல்பு. ஒன்றின் முறையை மற்றொன்றின் மீது ஏற்றினால் பிள்ளைக்கு மதிப்பெண் கிடைக்கும். அறிவியல் கிடைக்காது.

கேள்விக்கு எங்கே போவது? பள்ளிவாசல் சுவரைப் பாருங்கள். தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர். ஒரு பொருளின் நிழல், உச்சி நேர நிழல் போக, அதன் உயரம் அளவுக்கு நீண்டால் அஸர். ஹனஃபி மத்ஹபில் இரு மடங்கு. அட்டவணையிலேயே நிழல் கணக்கு! ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு முறையாவது நிழலை அளந்திருக்கிறார்கள்?

மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். முற்பகல் 11.30 முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும். நிழல் மிகக் குறுகும் நேரம்தான் உச்சி. அது சரியாகப் பன்னிரண்டு மணி என்று பிள்ளை எதிர்பார்க்கும். கடிகாரம் ஒத்துவராது. புதுச்சேரியில் நவம்பர் தொடக்கத்தில் 11.55ஐ ஒட்டியே உச்சி வந்துவிடும். பிப்ரவரி நடுவில் 12.25 ஆகிவிடும். ஏன்? இந்தியாவின் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. நாம் அதற்கு மேற்கே ஏறத்தாழ 2.7 பாகை தள்ளி இருக்கிறோம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் பதினோரு நிமிடம் தாமதம். மீதி வேறுபாடு பூமியின் அச்சுச் சாய்வாலும், அது சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் வருகிறது. இதை ஆசிரியர் முதலிலேயே சொல்லிவிடக் கூடாது. பிள்ளை திகைக்க வேண்டும். "கடிகாரம் தப்பா, குச்சி சாய்ந்திருக்கிறதா?" என்று சண்டை போட வேண்டும்.

அடுத்த திகைப்பு இன்னும் பெரிது. டிசம்பர் கடைசியில் அந்தக் குச்சியின் உச்சி நிழல் சுமார் 71 சென்டிமீட்டர், வடக்கு நோக்கி. ஜூன் கடைசி வாரத்தில் சுமார் 20 சென்டிமீட்டர்தான், அதுவும் தெற்கு நோக்கி! இடையில் ஏப்ரல் 21 வாக்கிலும் ஆகஸ்ட் 21 வாக்கிலும் உச்சியில் நிழலே இராது. இதற்கு ஆகும் செலவு ஒரு குச்சியும் ஒரு சாக்பீஸும்.

"சோதனை சரியாக வராவிட்டால் பரிசு போய்விடுமே" என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இதே ஊரின் வரலாறு ஒன்றைச் சொல்வோம். சூரியனை வெள்ளிக் கோள் கடந்து செல்வதைப் புதுச்சேரியிலிருந்து அளக்க, லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760இல் கப்பல் ஏறினார். அவர் வந்து சேருமுன் 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துவிட்டனர். கப்பல் திரும்பியது. கோள் கடந்த ஜூன் 6 அன்று அவர் ஆடும் கப்பல் தளத்தில் இருந்தார், துல்லியமாக அளக்க வழியில்லை. அடுத்த கடப்பு 1769இல். எட்டு ஆண்டுகள் தாய்நாடு திரும்பாமல் காத்திருந்தார். 1768இல் மீண்ட புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஆய்வுக்கூடம் கட்டினார். 1769 ஜூன் 4 காலை மேகம் மூடிக்கொண்டது!

அந்த மனிதர் வெறுங்கையோடு போகவில்லை. காத்திருந்த ஆண்டுகளில் காற்றையும் பருவங்களையும் குறித்தார். தமிழர் கிரகணம் கணிக்கும் முறையை இங்கேயே கேட்டுக் கற்று, பயண நூலில் எழுதி வெளியிட்டார். மேகம் மூடிய நாளையும் மறைக்காமல் எழுதினார். "நான் நினைத்தது வரவில்லை, வந்தது இது" என்று எழுதித் தரும் பிள்ளைக்கு எரிமலைக்காரனைவிட அதிக மதிப்பெண் தர நடுவர்கள் முன்வர வேண்டும்.

இதெல்லாம் பணக்காரப் பள்ளிக்கூடங்களுக்கு என்று ஒதுங்குவோரும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் சிறு குழுக்களாகச் சோதனை செய்து, கண்டதை எழுதி, வகுப்பில் வாதாடி முடிவுக்கு வந்தார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் கேள்விக்கு விடை புத்தகத்தில் இராது! 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. நல்லதை நிறுத்துவது அரசுகளுக்கு எளிது. ஆனால் ஏழைப் பிள்ளைகளால் முடியும் என்பது முப்பது ஆண்டுகள் கண்முன் நடந்தது.

நம் ஊரிலும் வாய்ப்புக்குக் குறைவில்லை. 2023-24 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகளும் மத்தியப் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. ஒப்பிக்கும் கேள்விகள் அங்கே குறைகின்றன. மனப்பாடம் மட்டும் செய்த பிள்ளை இனி அந்தத் தேர்விலும் திணறும். மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு, தம் யோசனையைச் செய்து காட்ட 10,000 ரூபாய் தருகிறார்கள். பெயரைப் பள்ளிதான் அனுப்ப வேண்டும். உங்கள் பிள்ளையின் பள்ளி அனுப்பியதா என்று ஒரு நாளாவது போய்க் கேட்டதுண்டா? தமிழில் துளிர் மாத இதழ் 1987 முதல் வருகிறது. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளைக்கு அது நல்ல துணை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மனம் வேதனைப்படுகிறது. வகுப்பில் முதல் கேள்வி கேட்பவள் அவளாக இருப்பாள். பள்ளி அளவில் தேர்வாகி, வெளியூர்க் கண்காட்சி என்றதும் வீட்டில் கதவு சாத்தப்படுகிறது. தயக்கம் பாதுகாப்பைப் பற்றியது என்றால் அதற்கு வழி இருக்கிறது. தாயோ சாச்சியோ உடன் போகட்டும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போகட்டும். செலவை மஹல்லா ஏற்கட்டும். அவள் செய்த ஆய்வை அவளே நின்று சொல்ல வேண்டும். தம்பியை அனுப்பி அவன் வாயால் சொல்ல வைப்பது எந்த வகை நியாயம்?

நம் வாசலிலேயே கேள்விகள் கிடக்கின்றன. 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலில் தடுப்புச் சுவர்கள் எழுந்த பின், தெற்கிலிருந்து வரும் மணல் தடைப்பட்டு, நகரத்துக் கடற்கரை அரிந்து கல் குவியலாயிற்று. பின்னர் போட்ட செயற்கைப் பாறைத் தடுப்பால் ஒரு பகுதியில் மணல் சேர்ந்தது. எந்த மாதம் எத்தனை அடி சேருகிறது, எத்தனை அடி போகிறது? கடற்கரைச் சாலையில் ஒரு கயிறும் குறிப்பேடும் எடுத்துச் சென்றால் ஓராண்டில் நல்ல ஆய்வு தயார். முல்லா வீதிக் கிணற்று நீருக்கும் சுல்தான்பேட்டைக் கிணற்று நீருக்கும் உப்பில் என்ன வேறுபாடு? மழைக்குப் பின் அது மாறுகிறதா?

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது பெரிய நிதி அல்ல. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஓர் அறை, மஹல்லாவில் அறிவியல் படித்த இளைஞர்கள் இருவர். பிறகு மொட்டை மாடிச் சாவி. ஆகஸ்ட் 21 வாக்கில் நிழல் மறையும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே குச்சியை நட்டுவிட வேண்டும். மேகம் வந்தாலும் பிள்ளைகளின் கையில் ஆறேழு நாள் அளவாவது இருக்கும்.