மலை வீட்டுக்குச் சமவெளிக் கண்ணாடியா?

2024 ஏப்ரல் இறுதியில் உதகமண்டலத்தில் 29 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானபோது தமிழகமே வியப்புடன் அந்தச் செய்தியைப் படித்தது. எழுபது ஆண்டுகளில் இல்லாத வெப்பம் என்றார்கள். அதன் பிறகு, மின்விசிறியையே அறியாதிருந்த மலை வீடுகளும் குளிர்ச்சிக்கு வழி தேடத் தொடங்கிவிட்டன. அப்படித் தேடுவோர் முன்வைக்கும் கேள்விகளுள் ஒன்று, ஜன்னல் கண்ணாடியில் வெப்பத் தடுப்புப் படலம் ஒட்டலாமா என்பது. கேள்வி சிறியது. ஆனால், ஆற்றல் சேமிப்பு குறித்த நமது பொதுக் கொள்கை எங்கே சறுக்குகிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

கடைவீதியில் 'சன் கண்ட்ரோல் ஃபிலிம்' என்றும் 'கூலிங் பேப்பர்' என்றும் வழங்கப்படும் இந்தப் படலம் நமக்குப் புதியதன்று. வாகனக் கண்ணாடிகளில் இதனை ஒட்டக் கூடாது என்று 2012 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததால் பலருக்கும் அறிமுகமானது. அந்தத் தடை வாகனங்களுக்கானது, வீடுகளுக்குப் பொருந்தாது. சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. படலத்தில் பூசப்பட்டுள்ள மெல்லிய உலோக அடுக்கு அவற்றில் பெரும்பகுதியை வெளியே திருப்பிவிடுகிறது. வெறும் கண்ணாடி தன்மேல் விழும் சூரிய வெப்பத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் உள்ளே விடும். நல்ல படலம் ஒட்டினால் அது நாற்பது பங்காகக் குறையும்.

சமவெளியில் இதன் பயனை எளிய கணக்கில் காணலாம். சென்னையிலோ மதுரையிலோ மேற்கு நோக்கிய 2 சதுர மீட்டர் ஜன்னல் ஒன்று உள்ளதாகக் கொள்வோம். கோடைப் பிற்பகலில் ஒரு சதுர மீட்டரில் 600 வாட் அளவுக்கு வெயில் விழுந்தால், படலம் தடுக்கும் வெப்பம் ஏறத்தாழ 500 வாட். மூன்று மணி நேரத்தில் அது 1.5 யூனிட் வெப்பம். குளிர்சாதனக் கருவி ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் எனில், நாளொன்றுக்கு அரை யூனிட், இரு மாதங்களுக்கு 30 யூனிட் மிச்சமாகும். பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் நம் மாநிலத்தில், அந்த எல்லையை ஒட்டி நிற்கும் குடும்பத்துக்கு இந்த 30 யூனிட் அற்பமன்று. ஆக, படலம் ஏமாற்று வேலை அன்று. குளிர்சாதன வசதியும் மேற்கு ஜன்னலும் உள்ள வீட்டுக்கு அது நியாயமான முதலீடே.

இதே கணக்கைப் பந்தலூருக்குக் கொண்டுசென்றால் விடை தலைகீழாகிறது. நீலகிரியின் மேற்கு ஓரத்தில், வயநாட்டைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர் அது. 7,300 அடிக்கு மேல் உள்ள உதகையின் உறைபனி இங்கு இல்லை. ஆனால், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும். சுவரும் துணியும் படுக்கையும் ஈரம் கோக்கும். மழைக்காலம் முடிந்தால் மார்கழி, தை மாதங்களின் குளிர். வெப்பம் தொல்லை தருவது ஆண்டில் சில வாரங்கள்தாம். மற்ற மாதங்களில் ஜன்னல் வழியே வரும் வெயில் காசில்லாமல் கிடைக்கும் கணப்பு. டிசம்பரில் தெற்கே சாய்ந்த சூரியன், தெற்கு ஜன்னல் வழியே அறைக்குள் நுழைந்து ஈரத்தை உலர்த்துகிறது. வெப்பத் தடுப்புப் படலம் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என வேறுபாடு பார்ப்பதில்லை. ஒட்டிய நாள் முதல் ஆண்டு முழுவதும் அது வெயிலைத் தடுத்துக்கொண்டே இருக்கும்.

குளிர் நாடுகளுக்கென்றே வேறு வகைப் படலம் உண்டு. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் உள்ளேயே திருப்பி அனுப்பும் வகை அது. மலைக்கு அது ஏற்றதுதானே எனக் கேட்கலாம். ஓரளவு உண்மைதான். ஆனால், உள்வெப்பம் கண்ணாடியை எட்டாததால் கண்ணாடி முன்பைவிடக் கூடுதலாகக் குளிரும். காற்றில் ஈரம் மிகுந்த ஊரில், குளிர்ந்த கண்ணாடியில் நீர்த்துளிகள் படியும். அவை வழிந்து மரச்சட்டத்தை உளுக்கும், பூஞ்சையை வளர்க்கும். ஐரோப்பாவின் வறண்ட, சூடேற்றப்பட்ட அறைகளுக்குப் பொருந்துவது, பந்தலூரின் ஈர அறைக்கு அப்படியே பொருந்திவிடாது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி, வீட்டின் வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது என்பது. 300 சதுர அடி, அதாவது சுமார் 28 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு லைன் வீட்டை எடுத்துக்கொள்வோம். தகரம் அல்லது சிமெண்ட் தகடு வேய்ந்த கூரை, மொத்தம் 1.5 சதுர மீட்டர் கண்ணாடி. உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வேறுபாடு என்றால், கண்ணாடி வழியே வெளியேறுவது ஏறத்தாழ 87 வாட். கூரைத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 6 வாட் வெப்பத்தைக் கடத்துவதால், கூரை வழியே வெளியேறுவது 1,680 வாட். குளிர்காலப் படலம் ஜன்னல் இழப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தாலும் மிஞ்சுவது 30 வாட் மட்டுமே. கூரைக்கு அடியில் வெப்பக் காப்புடன் ஓர் உள்கூரை அமைத்து, கடத்தலை 1.2 வாட்டாகக் குறைத்தால் மிஞ்சுவது 1,344 வாட். படலம் தருவதைப் போல் நாற்பது மடங்குக்கும் மேல். மேலும், அந்த உள்கூரை வெயில் காலத்தில் தகரத்தின் அனலையும் இறங்கவிடாது. இரு பருவத்துக்கும் உதவும் முதலீடு அதுதான்.

இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் அந்த முதலீடு ஏன் நடப்பதில்லை? கூரை யாருடையது என்பதில் இருக்கிறது விடை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வழிவகுத்தது. அப்படித் தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக, 1968-இல் வனத்துறையின் திட்டமாகத் தொடங்கி, பின்னர் அரசு நிறுவனமாக மாறியதே டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம். பந்தலூர், சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம் பகுதிகளில் இன்று வாழும் குடும்பங்களில் கணிசமானவை அந்த வரலாற்றின் வாரிசுகள். அரசுத் தோட்டமானாலும் தனியார் தோட்டமானாலும், லைன் வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். குளிர் தொழிலாளிக்குச் சொந்தம். பணி ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டிய வீட்டின் கூரையில் எந்தத் தொழிலாளி தன் சேமிப்பைப் போடுவார்? கூரையைச் சீரமைத்தால் தனக்கு ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்றறிந்த நிர்வாகம் ஏன் செலவு செய்யும்? முதலிடுபவர் ஒருவர், பயன்பெறுபவர் வேறொருவர் என்றாகும்போது சந்தை செயலிழந்துவிடும் என்பது பொருளியலின் பால பாடம்.

மின்கட்டணமும் இதற்கு உதவுவதில்லை. 2016 முதல் தமிழகத்தில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமில்லை. இரண்டு விளக்கு, ஒரு தொலைக்காட்சி என்றிருக்கும் குடும்பம் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அது வெப்பமூட்டியைப் பயன்படுத்துவதே இல்லை. குளிரைப் போர்வையாலும் விறகடுப்பாலும் எதிர்கொள்கிறது. ஆகவே, கூரையைச் சீராக்கினாலும் அதன் மின்கட்டணம் ஒரு காசும் குறையாது. குறைவது முதியவரின் இருமலும் குழந்தையின் சளியும். மிச்சமான யூனிட்டுகளை மட்டுமே எண்ணும் ஆற்றல் கொள்கையின் கண்ணுக்கு இந்தப் பயன் தெரிவதில்லை. தேவையை வாங்கும் சக்தி இல்லாதவரின் தேவை, புள்ளிவிவரத்தில் தேவையாகவே பதிவாவதில்லை.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. தொழிலாளர்க்கு வீட்டு வசதி தருவது தோட்ட உரிமையாளரின் கடமை என்றது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அக்கடமையைத் தக்கவைத்துள்ளது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்னும் குடியிருப்பு நெறிமுறை, மேற்சொன்ன 1.2 வாட்டைத்தான் கூரைக்கான உச்சவரம்பாக வைத்திருக்கிறது. ஆனால், அது 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளில் எழும் கட்டடங்களுக்கானது. மலையோரத்தில் 2 சென்ட் நிலத்தில் எழும் வீட்டை அது கண்டுகொள்வதில்லை.

2024-இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம், குடிசைகளுக்கு மாற்றாக 3.5 லட்சம் ரூபாய் செலவில் 360 சதுர அடி வீடுகளைத் தருகிறது. மழை ஒழுகாத கான்கிரீட் கூரை பெரும் முன்னேற்றம்தான். ஆயினும், காப்பு இல்லாத கான்கிரீட் அந்த 1.2 வரம்பை எட்டாது. மலை வட்டங்களில் கட்டப்படும் வீடுகளுக்கு மட்டுமேனும் வெப்பக் காப்புக்கெனத் தனித்தொகை ஒதுக்கினால், அடுத்த 40 ஆண்டுகளுக்கான நன்மையை இன்றே விதைத்ததாகும். தெலங்கானா 2023-இல் கொண்டுவந்த குளிர் கூரைக் கொள்கையைப் போல வெண்பூச்சை மலைக்கும் நீட்டினால், ஜன்னல் படலத்தின் தவறே கூரையில் நிகழும். குளிர்கால வெயிலையும் வெண்மை திருப்பி அனுப்பிவிடும்.

தோட்டங்களில் தொடக்கம் எளிதாகவே இருக்கலாம். ஒரு லைனில் பத்து வீடுகளுக்கு உள்கூரை அமைத்து, பக்கத்து லைனில் பத்து வீடுகளை அப்படியே விட்டு, இரு மழைக்காலங்களுக்கு இரவு வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்தால் போதும். அரசு நிறுவனமே தோட்ட உரிமையாளராக இருக்கும் பந்தலூரைவிட இதற்குப் பொருத்தமான இடம் இல்லை. முடிவு சாதகமாக அமைந்தால் தனியார் தோட்டங்களையும் கேட்க அரசுக்குத் தார்மிக உரிமை கிடைக்கும்.

சொந்த வீடு உள்ள மலைவாழ் வாசகர்களுக்கு ஒரு வரிசை சொல்லலாம். முதலில் கூரை, அடுத்து கதவு, ஜன்னல் இடுக்குகள், பிறகு இரவில் கனமான திரை, கடைசியாகவே படலம். விறகோ கரியோ எரியும் அறையில் மட்டும் காற்று வழியை அடைக்கலாகாது. கார்பன் மோனாக்சைடு ஓசையின்றி உயிரைப் பறிக்கும். மேற்கு நோக்கிப் பெரிய கண்ணாடி வைத்துக் கட்டியவர்கள், படலத்தை அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒட்டி, தெற்கு ஜன்னலை வெயிலுக்கு விட்டுவிடலாம். ஒட்டிய படலத்தின் ஈரம் காய வாரக்கணக்கில் ஆகுமாதலால் மழைக்காலத்தைத் தவிர்த்து, பிப்ரவரி, மார்ச்சில் ஒட்டுவது நல்லது. குளிர்சாதனக் கருவியின் நட்சத்திரங்களை எண்ணி வாங்கப் பழகிய நாம், படலத்தின் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவதும் சரியன்று. எவ்வளவு வெப்பத்தை விடும், எவ்வளவு வெளிச்சத்தை விடும் என்ற இரு எண்களைக் கேட்க வேண்டும்.

1932-இல் பைக்காராவில் தொடங்கி, பின்னர் குந்தா, மாயார் என நீண்ட புனல் மின் நிலையங்களால் நீலகிரி மாவட்டம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சமவெளிக்கு மின்சாரம் அனுப்பி வருகிறது. பதிலுக்குச் சமவெளியின் ஆலோசனைகளை மட்டும் மலைக்கு அனுப்பிக்கொண்டிருப்பது நியாயமாகாது. மலையின் வீடுகளுக்கு மலையின் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு கூரையிலிருந்து, அதுவும் தொழிலாளியின் கூரையிலிருந்து தொடங்க வேண்டும்.