வெள்ளைக் களத்துல வண்டி விடாதீங்க மக்களே

லடாக் போறது இப்போ நம்ம பசங்களுக்கு ஒரு சடங்கு மாதிரி ஆயிடுச்சு. பொட்டி தட்டுற வேலைல சேர்ந்து நாலஞ்சு வருஷம் ஆச்சுன்னா ஒரு புல்லட், ஒரு குரூப், பதினஞ்சு நாள் லீவு, டேமேஜர்கிட்ட ஒரு பொய். போகாதீங்கன்னு சொல்ற ஆள் நான் இல்லீங்க. நானும் போனவன்தான், இன்னொரு தடவை கூப்பிட்டாலும் போவேன். என் பிரச்சினை போறதுல இல்லை. அங்க போய் ரோட்டை விட்டு இறங்குறதுல. நண்பர்கள்கிட்ட இதுக்காக வாய்ச்சண்டை போட்டுப் போட்டு அலுத்துப்போச்சு. அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

மணாலில இருந்து லே 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. 2020-ல அடல் டனல் திறந்த பிறகு ரோதாங் கணவாய் ஏறி இறங்குற அவஸ்தை இல்லை. பாரலாச்சா லா, சர்ச்சு, 21 கொண்டை ஊசி வளைவு இருக்கிற காட்டா லூப்ஸ், பாங்... இதெல்லாம் எல்லாப் பயணப் பதிவுலயும் போட்டோவோட இருக்கு, விட்டுடறேன். பாங் தாண்டினதும் திடீர்னு மலையெல்லாம் ஒதுங்கி நின்னு வழி விட்ட மாதிரி ஒரு சமவெளி வரும். மோரே சமவெளி. சுமார் 40 கிலோமீட்டர் தட்டையா கிடக்கு. டெப்ரிங் பக்கம் கிளைப்பாதைல திரும்பினா த்ஸோ கார் ஏரி. பேருக்கு அர்த்தமே வெள்ளை ஏரி. உயரம் 4,500 மீட்டருக்கு மேல. நம்ம ஊர்க்கணக்குல சொன்னா, ஏற்காட்டை ஒண்ணு மேல ஒண்ணா மூணு தடவை அடுக்கணும். காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல 60 சதவீதம்கூட இல்லை. ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சு நிமிர்ந்தா மூச்சு வாங்கும்.

அந்த ஏரிக்கரையைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்துச்சு. வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் வளர்ந்தவங்களுக்குத் தெரியும், சேகோ ஃபேக்டரி களத்துல குச்சிக்கிழங்கு மாவு காயப்போட்டிருப்பாங்க. சித்திரை வெயில்ல அந்த வெள்ளையை நேரா பார்க்க முடியாது, கண்ணு கூசும். அதே வெள்ளை, கண்ணுக்கு எட்டின வரைக்கும். ஏரித்தண்ணி வத்த வத்த உப்பு ஓரமாப் படிஞ்சு காயுது.

எங்க குரூப்ல எட்டு பேர், ஆறு பைக், லக்கேஜுக்கு ஒரு ஜீப். வண்டியை நிறுத்தின அஞ்சாவது நிமிஷம் ஒருத்தன் ஆரம்பிச்சான்: "மச்சி, எல்லாம் காலியா கிடக்குடா. ஒரு ரவுண்டு விட்டு வீடியோ எடுப்போம்."

"மாவு காயுற களத்துல எவனாவது பைக்கை விட்டா விடுவாங்களா?"னு கேட்டேன்.

"அது ஒருத்தரோட சொத்துடா. இது யாருது?"

இந்தக் கேள்விதான் என்னை இன்னும் உறுத்திட்டே இருக்கு. பட்டா இல்லைன்னா யாருதும் இல்லை. புறம்போக்குங்கிற வார்த்தையையே நாம திட்டுறதுக்குத்தானே வெச்சிருக்கோம்? ஆனா நம்ம தாலுகா ஆபீஸ் ரிஜிஸ்டர்லயே மேய்க்கால் புறம்போக்கு, களம் புறம்போக்குன்னு தனித்தனியா உண்டு. ஒருத்தருக்குச் சொந்தமில்லை, ஊருக்கே சொந்தம்னு அர்த்தம்.

த்ஸோ காரைச் சுத்தி இருக்கிற சமவெளி சாங்பா மக்களோட மேய்ச்சல் நிலம். பஷ்மினா சால்வைக்கு முடி தர்ற ஆடு, செம்மறி, யாக் எல்லாத்தையும் ஓட்டிக்கிட்டு வருஷம் முழுக்க இடம் மாறிக்கிட்டே இருப்பாங்க. ஒரு இடத்துல கூடாரம் இல்லைன்னா, இந்த மாசம் அவங்க வேற இடத்துல இருக்காங்க, புல் வளரட்டும்னு இதை விட்டுட்டுப் போயிருக்காங்கன்னு அர்த்தம். அந்த உப்புகூட சும்மா கிடந்ததில்லை. ஒரு காலத்துல இந்த ஏரி உப்பை அள்ளி, ஆட்டு முதுகுல மூட்டை கட்டி, சன்ஸ்கார் பக்கம் கொண்டு போய் பார்லிக்கு மாத்தியிருக்காங்க. அந்த வியாபாரம் இப்போ அருகிப்போச்சு. ஆனா நாம வீடியோ எடுக்க நினைச்ச இடம் ஒருத்தரோட சோத்துக்கு வழியா இருந்த இடம்.

நான் சொல்லியும் மூணு பேர் இறங்கினாங்க. மேல காய்ஞ்ச உப்பு, கீழ சேறு. பாதி தூரத்துல ஒரு புல்லட் பின் சக்கரம் அச்சாணி வரைக்கும் உள்ள போயிடுச்சு. ஏழு பேர் மூச்சு வாங்க வாங்க இழுத்து வெளிய எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கடைசில பார்த்தா, அந்த இடம் மட்டும் பன்னி உழுத மாதிரி கிடந்துச்சு.

"ஒரு மழை வந்தா மூடிக்கும்"னான் ஒருத்தன். எந்த மழை ராசா? லே-ல வருஷத்துக்கு மழை, பனி எல்லாம் சேர்ந்தே சுமார் 10 செ.மீ.தான். புல் முளைக்கிறது கோடைல சில மாசம் மட்டும். மேல இருக்கிற கெட்டியான பொறுக்கையும் கூழாங்கல்லும்தான் கீழ இருக்கிற மெல்லிய மண்ணைப் பிடிச்சு வெச்சிருக்கு. டயர் அதை உடைச்சா காத்து மிச்சத்தை அள்ளிட்டுப் போகும். ஒரு தடம் அழிய வருஷக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் அடுத்து வர்ற குரூப் அதைப் பார்த்து, ஓ இது பாதை போலன்னு அதே வழில இறங்கும்.

பறவை விஷயம் இன்னும் மோசம். கருங்கழுத்துக் கொக்கு இந்தியாவுல முக்கியமா குஞ்சு பொரிக்கிறது லடாக்லதான். 2021-ல அதை லடாக்கோட பறவைன்னு அறிவிச்சாங்க. த்ஸோ காரை 2020-லயே ராம்சர் பட்டியல்ல சேர்த்தாச்சு. கூடு சதுப்புலயோ ஆழமில்லாத தண்ணிலயோ இருக்கும், பெரும்பாலும் ரெண்டே முட்டை. முட்டையும் குஞ்சும் இருக்கிற அதே ஜூன், ஜூலைலதான் நாமளும் போறோம். வண்டி கிட்டப் போனா தாய்ப்பறவை எழுந்திடும். அந்த நேரத்துக்குக் காத்திருக்கிற தெருநாய்கள் அங்க உண்டு. அதுங்க பெருகினதுல கேம்ப்கள்லயும் கடைகள்லயும் கொட்டுற மிச்ச சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கு. கியாங்னு ஒரு காட்டுக்கழுதை, அதை ஜீப்ல துரத்தி வீடியோ எடுக்கிறவங்களும் இருக்காங்க. மனுஷனுக்கே மூச்சு முட்டுற உயரத்துல அதை எதுக்குய்யா ஓட விடறீங்க?

நம்ம பக்கத்துல ஈரோடு வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுத்தி இருக்கிற கிராமங்கள்ல தீபாவளிக்கு வெடி வெடிக்கிறதில்லை. பறவை மிரளும்னு சின்னப் பசங்களே கம்பி மத்தாப்போட நிறுத்திக்கிறாங்க. அந்தப் பொடிசுங்களுக்கு இருக்கிற பொறுமை, லட்சக்கணக்குல பைக் வாங்கின நமக்கு இல்லைன்னா எப்படி?

"ராணுவ லாரி போகலையா, உள்ளூர்க்காரங்க ஓட்டலையா"ன்னு கேட்பீங்க. போறாங்க. ஆனா அவங்க பெரும்பாலும் இருக்கிற ஒரே தடத்துல போறாங்க. குரூப்பா வர்ற நாமதான் பரவுறோம். காரணம் ரொம்ப சாதாரணம், புழுதி. முன்னாடி வண்டி கிளப்புற புழுதியைத் தின்ன யாருக்கும் பிடிக்காது. ரெண்டாவது ஆள் இடப்பக்கம் ஒதுங்குவான், மூணாவது வலப்பக்கம். ஆறு வண்டி, ஆறு தடம். மோரே சமவெளில தார் போடறதுக்கு முன்னாடி இப்படித்தான் சடை பிரிச்ச மாதிரி தடங்கள் கிடந்துச்சு. இதுக்குப் பெரிய தியாகமெல்லாம் வேண்டாம். வண்டிக்கு வண்டி 200 மீட்டர் இடைவெளி விட்டா போதும், புழுதி அடங்கிடும்.

2022 ஏப்ரல்ல பாங்காங் ஏரித்தண்ணிக்குள்ள கார் ஓட்டின வீடியோ ஊரெல்லாம் சுத்தினது ஞாபகம் இருக்கா? அப்போ எல்லாரும் காறித்துப்பினாங்க, எங்க குரூப் பசங்க உட்பட. தண்ணிக்குள்ள விட்டா தப்புன்னு தெரியுது, தண்ணி வத்தின தரைல விட்டா தப்புன்னு தெரியலை. அபராதம் போடறது நல்லதுதான். ஆனா அவ்வளவு பெரிய வெளில எத்தனை போலீஸை நிறுத்துவீங்க? வண்டி எங்க நிக்கணும்னு கல் நட்டு வெள்ளையடிச்சு வெச்சாலே பாதிப் பேர் தாண்ட மாட்டாங்க. மீதிப் பேரை குரூப்தான் நிறுத்தணும். கிளம்பறதுக்கு முன்னாடி யார் எவ்வளவு காசு போடறதுன்னு எக்செல் ஷீட் போடறோம்ல? அதுல ஒரு வரி, ரோட்டை விட்டு இறங்குறவன் அன்னிக்கு எல்லாருக்கும் ராத்திரி சாப்பாட்டுச் செலவுன்னு சேர்த்துப் பாருங்க. தத்துவத்தைவிட இது நல்லா வேலை செய்யும் :)

அடுத்த ஜூனுக்குக் கிளம்புற ஒரு குரூப்போட பிளான் எனக்கும் வந்திருக்கு. த்ஸோ கார் நாளுக்கு நேரா "உப்புத்தரைல பைக் ஷூட், 2 மணி நேரம்"னு போட்டிருக்காங்க. பைக்கை ரோட்டோரமா நிறுத்திட்டு, ஒரு பைனாகுலரை எடுத்துக்கிட்டு அந்த ரெண்டு மணி நேரமும் தூர இருந்தே பறவை பார்க்கலாம், அப்படின்னா நானும் வரேன்னு பதில் போட்டிருக்கேன். ஏழு பேர்ல இதுவரைக்கும் ரெண்டு பேர் சரின்னிருக்காங்க.