முட்டை நின்றால் கோழியைக் குற்றஞ்சொல்ல வேண்டாம்

இடம்பெயர்ந்து வந்து குடியமர்ந்த வளவுகளில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. ஊரில் நின்றபோது ஒழுங்காக முட்டையிட்ட கோழி, இங்கே வந்தபின் இடுவதில்லை என்பதே அது. சிலர் கண்ணூறு என்பார்கள். சிலர் மண் ராசியில்லை என்பார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கறிச்சட்டியில் போட்டுவிடுவோரும் உளர். அவசரப்பட வேண்டாம் என்று கேட்கவே இதனை எழுதுகிறோம்.

முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பகுதி வீடுகளில் ஊர்க்கோழிக்கென்று யாரும் தீனி வாங்கியதில்லை. களத்தில் சிந்திய நெல்லையும், வைக்கோற் போரடியில் கிடந்த குறுணலையும், மாட்டுப் பட்டியில் சாணத்தைக் கிளறி எடுத்த புழுவையும், புற்றுக் கறையானையும் தின்றே அது வளர்ந்தது. வயலும் மாடும் குப்பைமேடும் இருந்த வரையில் கோழிக்குக் குறைவில்லை. அதனால்தான் தீனி போடாமலே முட்டை கிடைத்தது என்று நாம் எண்ணிக்கொண்டோம். உண்மையில் தீனி போட்டது எமது விவசாயமே.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர்களும், 2008 இன் இறுதியில் முள்ளியவளையை விட்டு ஓடியவர்களும் வயலைக் கையோடு கொண்டுபோக முடியவில்லை. 2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது, கேப்பாப்புலவு மக்கள் சொந்தக் காணிக்கு அனுப்பப்படாமல் சீனியாமோட்டையில் குடியேற்றப்பட்டார்கள். களமும் பட்டியும் இல்லாத துண்டுக் காணியில் நிற்கும் கோழி எதைக் கிளறும்? நாம் போடும் சோறும் தவிடும் வயிற்றை நிரப்பும். முட்டைக்கு வேண்டிய புரதத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் போதியளவு தரமாட்டா. நாம் இழந்ததையே எமது கோழியும் இழந்திருக்கிறது.

எனினும் எல்லாக் கோழியும் இதே காரணத்தால் நிற்பதில்லை. முதலில் அது உண்மையாகவே நின்றுவிட்டதா என்று பாருங்கள். கொண்டை சிவந்து, பின்புறத்து இடுப்பெலும்பு முனைகள் இரண்டுக்கும் இடையில் இரண்டு விரல் நுழையுமானால், அது எங்கோ இடுகிறது. பற்றைக்குள் ஒளித்து இடலாம். கீரியோ உடும்போ குடிக்கலாம். நாலைந்து நாட்கள் காலை பத்து மணிவரை கூட்டில் அடைத்துத் தண்ணீரும் தீனும் வைத்தால் உண்மை தெரியும்.

ஊர்க்கோழியின் இயல்பையும் மறக்கக்கூடாது. பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைகிடக்கும். 21 நாளில் குஞ்சு பொரிக்கும். பின் இரண்டு மாதமளவில் குஞ்சுகளோடு திரியும். ஆண்டுக்கு 40 முதல் 60 முட்டை இட்டாலே நல்ல கோழி. குஞ்சு வேண்டாமென்றால் அடைக்கோழியைக் காற்றோட்டமான, கீழே கம்பிவலை போட்ட கூட்டில் நாலைந்து நாள் விடுங்கள், அடை தெளியும். மூக்கில் இறகைச் செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் வீண் கொடுமை. இறகு உதிர்க்கும் காலத்திலும் இரண்டு மூன்று மாதம் முட்டை நிற்கும். இறகும் புரதத்தால் ஆனதே; புது இறகு முளைக்கும்போது உண்பதெல்லாம் அதற்கே போய்விடும்.

இடம்மாறிய கோழி பயத்தாலும் நிற்கும். புதுக் கூடும், அயலார் நாயும் பழகச் சில கிழமைகள் செல்லும். குளிர்நாட்டு நூல்கள் பகல் குறைவதை முதற் காரணமாகச் சொல்கின்றன. எமது நாட்டில் ஆண்டின் நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே வித்தியாசம். எனவே எமக்கு வெய்யிலும் தண்ணீரும்தான் பெரிய காரணங்கள். முட்டையின் உள்ளே முக்காற்பங்கு தண்ணீர். வைகாசி, ஆனி வெக்கையில் ஒரு நாள் சட்டி காய்ந்தாலே முட்டை தடைப்படும்.

வளவிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. பழைய முட்டியில் வைக்கோலும் சாணமும் ஈரமாக அடைத்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் கோழிக்குச் சாப்பாடு இருக்கும். மீன் தலையையும் குடலையும் அவித்துத் தவிட்டோடு பிசைந்து கொடுக்கலாம். முருங்கை, அகத்தி இலையைக் கட்டித் தொங்க விடுங்கள். முட்டைக்கோதையோ சிப்பியையோ இடித்து ஒரு சிரட்டையில் வையுங்கள். தண்ணீர்ச் சட்டி நிழலில் இருக்கட்டும். செள்ளுக்குச் சாம்பலும் மணலும் கலந்த குழி போதும். கூட்டின் இடுக்குகளையும் துப்புரவாக்குங்கள். கழுத்துத் திருகல், பச்சைக் கழிச்சல் கண்டால் அது இராணிக்கெட் நோயாக இருக்கலாம். உடனே அந்தக் கோழியைப் பிரித்துவிட்டுக் கால்நடை வைத்திய அதிகாரிக்கு அறிவியுங்கள். இந்த நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு, வருமுன் போடவேண்டும்.

உதவி செய்வோரிடமும் ஒன்று சொல்லவேண்டும். வாழ்வாதாரம் என்று பண்ணைக் கோழிகளைக் கொடுத்து, புகைப்படம் எடுத்து, எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போவது போதாது. ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும் இனத்துக்கு நாளொன்றுக்கு நூறு கிராமுக்கு மேல் சமநிலைத் தீனி வேண்டும். அதனை வாங்க வழியில்லாத குடும்பத்திடம் அது எப்படி இடும்? 2022 இன் நெருக்கடியில் தீனி தட்டுப்பட்டபோது பெரிய பண்ணைகளே ஆட்டங்கண்டன. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யவேண்டி வந்தது. பண்ணையாளருக்கே முடியாததை ஒரு விதவைத் தாயின் வளவில் எதிர்பார்த்துவிட்டு, "கோழி கொடுத்தோம், வளர்க்கத் தெரியவில்லை" என்று எழுதுவது நியாயமல்ல. ஊர்க்கோழியைக் கொடுங்கள். கூட்டுக்குத் தடியும் கிடுகும், முதல் மூன்று மாதத் தீனியும், தடுப்பு மருந்தும் சேர்த்துக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து வந்து முட்டையை எண்ணுங்கள்.

முட்டைக் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்காசு. பிள்ளையின் கொப்பிக்கும் பஸ்ஸுக்கும் அவள் யாரிடமும் கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் காசு அது. காணியும் மாடும் போனபின் பல குடும்பங்களுக்கு எஞ்சிய முதல் அந்தக் கோழிதான். அதனை விற்குமுன், அறுக்குமுன், சட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஒரு மாதம் கறையானும் மீன்தலையும் கொடுத்துப் பாருங்கள். அநேகமாக அது மீண்டும் கேரும்.