பூநகரியின் குடித்தனங்களை எண்ணும் முறை குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

கிளிநொச்சி மாவட்டத்தின் நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகளுள் ஒன்றாகிய பூநகரி, 19 கிராம அலுவலர் பிரிவுகளைக் கொண்டு, வடக்கே சங்குப்பிட்டிக் கடனீரேரி தொடங்கித் தெற்கே மன்னார் மாவட்ட எல்லை வரை ஏ-32 வீதியை ஒட்டி நீண்டு கிடக்கிறது. இப்பிரதேசத்தில் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன, அவை எத்தகைய குடும்பங்கள், அவற்றுக்கு யார் தலைமை தாங்குகிறார்கள் என்ற கேள்விகளுக்குத் தொகைமதிப்பு ஒரு விடையையும், வாக்காளர் இடாப்பு இன்னொரு விடையையும், நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியல் வேறொரு விடையையும் தருகின்றன. மூன்றும் வெவ்வேறு வரையறைகளின்மேல் எழுந்தவை என்பதால் இதில் வியப்பில்லை. ஆயினும் காணி, வீடு, பள்ளிக்கூடம், பாராளுமன்ற ஆசனம் ஆகிய அனைத்தும் இவ்விடைகளைக் கொண்டே பங்கிடப்படுகின்றன. ஒரு குறிப்பிட்ட நாளில் ஓரிடத்தில் அடுப்பெரித்தவர்களின் தொகையை மட்டும் வைத்துப் பூநகரி பற்றிய எந்த முடிவும் எடுக்கப்படக் கூடாது என்பதும், 2024ஆம் ஆண்டுத் தொகைமதிப்பின் தரவுகள் கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில், குடும்ப அமைப்பின் உள்விவரங்களோடு வெளியிடப்பட வேண்டும் என்பதும் இவ்வறிக்கையை வெளியிடும் ஒன்றியத்தின் நிலைப்பாடு.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் எண்ணுகின்ற அலகு குடித்தனம் ஆகும். உணவுக்கும் வாழ்க்கைத் தேவைகளுக்கும் பொதுவான ஏற்பாட்டைக் கொண்டு ஒன்றாக வாழ்பவர்கள், இரத்த உறவினராயினும் அல்லாவிடினும், ஒரு குடித்தனத்தினர்; தனியே சமைத்து உண்ணும் ஒருவரும் ஒரு குடித்தனமே. ஏனைய உறுப்பினர்கள் தலைவரென ஏற்றுக்கொள்பவரே குடித்தனத் தலைவராகப் பதியப்படுகிறார். விடுதி, முகாம், வைத்தியசாலை போன்ற நிறுவனங்களில் தங்கியிருப்போர் இதற்கு வெளியே வேறாக எண்ணப்படுகின்றனர். ஒருவர் எண்ணும் நேரத்தில் எங்கிருக்கிறாரோ அங்கேயே அவரை எண்ணுவது ஒரு முறை. வழமையாக எங்கே வசிக்கிறாரோ அந்த இடத்தோடு சேர்த்து எண்ணுவது மற்றொரு முறை. அண்மைய தொகைமதிப்புகள் பின்பற்றும் இரண்டாம் முறை, தலைமுறை தலைமுறையாக ஒரே வளவில் இருக்கும் சமூகத்துக்கு நன்கு பொருந்தும். முப்பது ஆண்டுகளில் பலமுறை பெயர்க்கப்பட்ட மக்களிடம் வழமையான வசிப்பிடம் எதுவென்று கேட்பது அவ்வளவு எளிதன்று.

இலங்கையின் முதலாவது முழுமையான தொகைமதிப்பு 1871இல் நடைபெற்றது; 1901ஆம் ஆண்டுத் தொகைமதிப்பைப் பொன்னம்பலம் அருணாசலம் பொறுப்பேற்று நடத்தினார். இத்தனை நீண்ட மரபுள்ள நாட்டில் பூநகரி 1981இற்குப் பிறகு 2012 வரை ஒருமுறையேனும் முறையாக எண்ணப்படவில்லை. 1991இல் நடைபெற வேண்டியது போரினால் கைவிடப்பட்டது. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே எண்ணும் பணி முழுமை பெற்றது, கிளிநொச்சி அவற்றுள் ஒன்றன்று. பின்னர் 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கிளிநொச்சி நிலப்பரப்பில் 1981இல் வாழ்ந்தோர் 91,764 பேர். 2012இல் எண்ணப்பட்டோர் 1,13,510 பேர். நாடு முழுவதும் ஏறத்தாழ 37 வீத வளர்ச்சி ஏற்பட்ட அதே காலத்தில் இங்கே ஏறத்தாழ 24 வீதமே கூடியிருக்கிறது. இவ்விரு எண்களையும் ஒரு கோட்டால் இணைத்து, மெதுவாக வளர்ந்த மாவட்டம் என்று எழுதிவிடுவது எளிது. உண்மையில் அந்தக் கோட்டின் நடுவே முழு மாவட்டமும் வெறுமையாகி மீண்டும் நிரம்பியது. 1993 நவம்பரில் பூநகரிப் படைத்தளம் தாக்கப்பட்டதும், 1996இல் படையினர் அங்கிருந்து விலகியதும், 2008 நவம்பரில் மீண்டும் கைப்பற்றியதும், அங்கிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்த மக்கள் 2009இல் செட்டிகுளத்து மெனிக் முகாமில் அடைபட்டதும், கட்டங்கட்டமாக மீள்குடியேறியதும் இந்த இடைவெளிக்குள் அடங்குகின்றன. திரும்பி வந்தோரும் புறப்பட்டுப் போனோரும் ஒரே ஆட்களல்லர் என்பதை மொத்தத் தொகை காட்டுவதில்லை.

இதன் மிக ஆழமான விளைவு குடும்பத் தலைமையில் தெரிகிறது. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்ற தொடர் வன்னியில் இன்று அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது. நாடு முழுவதும் ஏறத்தாழ நான்கில் ஒரு குடித்தனம் இவ்வகையினது என்று திணைக்களத்தின் குடும்ப வருமான, செலவு ஆய்வுகள் கூறுகின்றன. எனினும் இத்தொடரின் கீழ் மிக வேறுபட்ட நிலைமைகள் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. கணவன் இறந்தமைக்குச் சான்றிதழ் வைத்திருக்கும் பெண், கணவன் மத்திய கிழக்கில் உழைத்துப் பணம் அனுப்பும் பெண், கணவனால் கைவிடப்பட்ட பெண், கணவன் வலுவிழந்து படுக்கையில் இருப்பதால் தானே உழைக்கும் பெண், போர் முடிந்த 2009இல் கணவனைக் கடைசியாகக் கண்ட பெண் ஆகிய அனைவரும் ஒரே நிரலில் விழுகின்றனர். இவர்களுள் நான்காமவர், மரியாதை கருதிக் கணவனையே தலைவராகச் சொல்லிவிடுவதால், அந்த நிரலில் விழாமலே போவதும் உண்டு.

ஐந்தாமவருக்குத் தொகைமதிப்புப் படிவத்தில் இடமே இல்லை. திருமண நிலை பற்றிய வினா, மணமாகாதவர், பதிவுத் திருமணம் செய்தவர், வழக்காற்றுத் திருமணம் செய்தவர், துணையை இழந்தவர், மணமுறிவு பெற்றவர், பிரிந்து வாழ்பவர் என்ற வகைகளையே தருகிறது. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண், விதவை என்று சொன்னால் கணவனின் இறப்பைத் தானே அறிவித்தவளாகிறாள். மணமானவள் என்று சொன்னால் துணையுள்ள குடும்பமாகக் கணக்கிடப்பட்டு உதவித் திட்டங்களில் பின்தள்ளப்படுகிறாள். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களின் தொடர் போராட்டம் எழுப்பும் கேள்விக்கு அரசு இன்னும் விடையளிக்காத நிலையில், ஒரு கணக்கெடுப்பாளர் முன்னிலையில் அதற்கு விடை சொல்லும் சுமை அந்தப் பெண்மீது ஏற்றப்படுவது முறையாகாது. இதற்கான சட்டக் கருவியொன்று ஏற்கெனவே உண்டு: 2010ஆம் ஆண்டின் இறப்புகளைப் பதிவுசெய்தல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைப் பெறும் வழி திறக்கப்பட்டது. சட்டம் ஏற்றுக்கொண்ட ஒரு நிலையைத் தொகைமதிப்புப் படிவமும் ஏற்றுக்கொள்வதில் தடையேதும் இருப்பதாக இவ்வொன்றியம் கருதவில்லை.

இது படிவத்தோடு முடியும் குறையன்று. வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமையின்படியும், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படியும், மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. சம்மதம் பெற முடியாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். சீதனமாகப் பெற்ற இரண்டு பரப்புக் காணியை ஈடுவைத்துக் கடன் பெற முனையும் முழங்காவில் பெண்ணொருத்திக்குக் கணவன் எங்கே என்ற கேள்வி இவ்வாறு வழக்குச் செலவாக வந்து சேர்கிறது. அரச அனுமதிப்பத்திரக் காணிகளில் நிலைமை வேறு: 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பின்னுரிமையில் ஆண்மக்களுக்கு அளித்து வந்த முன்னுரிமையை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. இந்தத் திருத்தத்தால் பூநகரியில் எத்தனை குடும்பங்கள் பயன்பெறக் கூடும் என்பதைக் கணிக்கவும் கிராமவாரியான குடும்பத் தரவே வேண்டும்.

நலன்புரித் திட்டங்களும் குடும்பத்தையே அலகாகக் கொள்கின்றன. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும என்னும் கொடுப்பனவுத் திட்டம், கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு வறுமையை அளக்கிறது. பிள்ளைகள் கொழும்புக்கும் கிளிநொச்சியின் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் சென்றுவிடத் தனித்து வாழும் முதியவர், போரில் வாங்கிய காயத்தோடு வீட்டுக்குள் இருக்கும் இளைஞர், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி ஆகியோரைக் கொண்ட குடித்தனங்கள் இந்த அளவுகோலில் எவ்வாறு விழுகின்றன என்பது பொதுவெளியில் ஆராயப்பட வேண்டும். கல்வீடு இருப்பதே வசதியின் அடையாளம் ஆகாது. மீள்குடியேற்றத்தின்பின் இந்திய உதவியாக ரூ. 5,50,000 பெற்று வீடு கட்டிய குடும்பங்களுள், மிகுதிச் செலவுக்காகப் பட்ட கடனை ஆண்டுக்கணக்கில் அடைத்தவை பல.

பூநகரியைச் சேர்ந்த இரணைதீவு இந்த வரையறைகள் அனைத்தையும் ஒருசேரச் சோதிக்கிறது. 1992இல் அத்தீவிலிருந்து பெயர்ந்த மக்கள் பெருநிலத்தில் இரணைமாதா நகரில் குடியமர்ந்தனர். போர் முடிந்தபின்னும் கடற்படை அங்கே நிலைகொண்டிருந்தமையால் திரும்ப முடியாதவர்களாய், 2017 மே 1ஆம் திகதி போராட்டம் தொடங்கி, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி தாமே படகேறித் தீவில் இறங்கினர். அன்று முதல் பல குடும்பங்களுக்கு வாழ்வு இரு கரைகளில் நடைபெறுகிறது: பள்ளிக்கூடத்துக்கும் வைத்தியத்துக்கும் பெருநிலம், தொழிலுக்கும் தென்னைக்கும் தீவு. தொழில் காலத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்பு இரண்டாகிறது, பின்னர் ஒன்றாகிறது. பொது அடுப்பை அளவாகக் கொள்ளும் கணக்கெடுப்பு இவர்களை எந்நாளில் எந்தக் கரையில் எண்ணினாலும் பாதி உண்மையையே பதியும். கரையோர வாடிகளில், அதாவது மீன்பிடிக் காலத்தில் தங்கும் தற்காலிகக் குடில்களில், இருப்போரின் நிலையும் இதுவே. எண்ணிக்கை குறைந்த தீவை ஆளில்லாத் தீவாகக் கருதிவிடுவார்கள் என்பது வெறும் அச்சமன்று. கொவிட்-19 நோயால் இறந்தோரைப் புதைக்க 2021 மார்ச்சில் இரணைதீவு தெரிவு செய்யப்பட்டதும் அங்குள்ள மக்கள் அதை எதிர்த்ததும் அண்மைய வரலாறு. வேரவில் பக்கத்துப் பொன்னாவெளியில் சுண்ணாம்புக்கல் அகழும் திட்டம் மீதான பிணக்கிலும் இதே தர்க்கம் தலைகாட்டியது. போராலும் குடிநீரின்மையாலும் மக்கள் அகன்ற ஊரில் இன்று எவருமில்லை என்பது அகழ்வுக்கு அனுமதியாகாது, அகன்றதற்கான காரணம் இன்னும் தீர்க்கப்படவில்லை என்பதற்கே அது சான்று.

இனவாரியான விவரமும் கவனமாகக் கையாளப்பட வேண்டியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் நாச்சிக்குடாவைச் சேர்ந்தோரும் அடங்குவர். அவர்களின் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தோர். வழமையான வசிப்பிடம் என்ற அளவில் அவர்கள் புத்தளத்தவராகவே எண்ணப்படுகின்றனர். இடம்பெயர்ந்தோர் தம் பூர்வீக இடத்தில் வாக்காளராகப் பதிய 2013ஆம் ஆண்டில் சிறப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு ஒப்பான ஏற்பாடு தொகைமதிப்பில் இல்லை. இன வன்செயல்களை அடுத்து வன்னிக்கு வந்து குடியேறிய மலையகத் தமிழரின் நிலை வேறுவகையானது. 2012இன் கணக்கில் மாவட்ட மக்களுள் மிகச் சிறு வீதத்தினரே இந்தியத் தமிழராகப் பதிவாயினர். வந்தோரின் வழிவந்தவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழரென்றே தம்மைப் பதிகின்றனர். அது அவர்களின் உரிமை. ஆயினும் காணி உறுதியோ வயல் நிலமோ இல்லாத குடும்பங்கள் எந்த ஊர்களில் செறிந்திருக்கின்றன என்பதை இனப்பெயரை மட்டும் பார்த்து அறிய முடியாது. காணி உடைமையைக் குடித்தனத்தோடு சேர்த்துக் கேட்டால் மட்டுமே அறியலாம்.

தொடக்கத்தில் சொன்ன மூன்று விடைகளுள் வாக்காளர் இடாப்பு தருவதன் விளைவையும் இங்கே பிரித்துக் காண வேண்டும். கிளிநொச்சியை உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற ஆசனங்கள் 2010இல் 9 ஆகவும், 2015இல் 7 ஆகவும், 2024இல் 6 ஆகவும் குறைந்தமை பலரும் அறிந்ததே. இது வாக்காளர் இடாப்பின் விளைவு, தொகைமதிப்பினுடையதன்று.

கிராம மட்டத் தரவு வெளியீட்டுக்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. சில பிரிவுகளில் குடும்பங்கள் மிகச் சிலவே என்பதால், இனம், வலுவிழப்பு, குடும்பத் தலைமை ஆகியவற்றைக் குறுக்கே வகுத்து வெளியிட்டால் குறிப்பிட்ட ஒரு வீட்டை அயலார் அடையாளம் கண்டுவிடக் கூடும். தனித்து வாழும் பெண்களைப் பொறுத்தவரை இது பாதுகாப்புச் சிக்கலுமாகும். 2011இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி மாவட்டங்களில் படையினர் குடும்பங்களைப் பதிவுசெய்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றதை மறவாத மக்கள், படிவத்தோடு வருபவரை ஐயத்தோடு நோக்குவதும் இயல்பே. இவ்வாதத்தை இவ்வொன்றியம் முழுமையாக ஏற்கிறது. எனவே மிகச் சிறிய எண்களை மறைத்தும், தேவையானவிடத்து அயற்பிரிவுகளை இணைத்தும் வெளியிடுவதையே கோருகிறது. பெயர் விவரம் எந்நிலையிலும் எப்படைத்தரப்புக்கும் செல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே கோருகிறது.

2024 டிசம்பரில் எண்ணப்பட்ட விவரங்கள் திணைக்களத்திடம் உள்ளன; அவற்றிலிருந்து தனிநபர் குடித்தனம், முதியவர் மட்டும் வாழும் குடித்தனம், பெண் தலைமைத்துவத்தின் வகைகள், இயங்குவதில் இடர்ப்படுவோர் உள்ள குடித்தனம் ஆகியவற்றைப் பூநகரியின் 19 பிரிவுகளுக்கும் தமிழில் அட்டவணைப்படுத்தப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை. அடுத்த தொகைமதிப்பின் படிவம் வரையப்படும்போது, துணை காணாமல் ஆக்கப்பட்டோர் என்ற விருப்பத்தெரிவும், இரண்டாம் வசிப்பிடம் பற்றிய வினாவும், பெயர்க்கப்பட்ட பூர்வீக ஊர் பற்றிய வினாவும் சேர்க்கப்பட வேண்டும். இடைக்காலத்தில், இரணைதீவு உள்ளிட்ட இரு கரைக் குடும்பங்கள் இரு இடங்களுக்கும் உரிய ஒரே குடும்பமாகப் பிரதேச செயலகப் பதிவேட்டில் குறிக்கப்பட வேண்டும். பொன்னாவெளி போன்ற ஊர்களின் காணி எவருக்கேனும் ஒதுக்கப்படுவதற்கு முன், அவ்வூரில் 1981இல் குடியிருந்தோரின் வழித்தோன்றல்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் தயாரிக்கப்பட்டு, அவர்களின் கருத்து எழுத்தில் பெறப்பட வேண்டும்.