கோபுர நிழலும் ரெக்கார்டு நோட்டும்

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் 11 நிலை, 217 அடி. ஊர்ப்பிள்ளைகள் பலருக்கும் இது மனப்பாடம். அதே பிள்ளையிடம் ஒரு மீட்டர் குச்சியையும் அளவு நாடாவையும் கொடுத்து, பிற்பகலில் கோபுரத்துக்கு முன்னால் கிழக்கே விழும் நிழலை வைத்து உயரத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னால் என்ன ஆகும்? வடிவொத்த முக்கோணம் படித்த பிள்ளை தடுமாறாது. குச்சியின் நிழல், கோபுரத்தின் நிழல், ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். ஆனால் விடை 217 அடிக்குக் குறைவாக வரும்.

கணக்கில் தவறு இல்லை. குச்சி மெலிந்தது, கோபுரத்தின் அடித்தளமோ அகலமானது. நிழலின் நுனி, அடித்தளத்தின் நடுவுக்கு நேர்மேலே இருக்கும் கலசத்தினுடையது. நாடாவைப் பிடித்தவர் அளக்கத் தொடங்கியதோ சுவரின் வெளி விளிம்பிலிருந்து. அடித்தளத்தின் பாதி அகலம் கணக்கில் சேரவே இல்லை. இரண்டு நிழல்களையும் அரை மணி நேர இடைவெளியில் அளந்திருந்தால் அது இன்னொரு பிழை.

விடை ஏன் குறைந்தது, எப்படிச் சரிசெய்வது என்று தாளில் நாலு வரி எழுதத் தெரிவதுதான் எழுத்துவழிச் செய்முறைத் தேர்வு கேட்கும் திறன். தமிழ்நாட்டுப் பள்ளிகள் மிகக் குறைவாகப் பழக்கும் திறனும் இதுவே.

செய்முறைக்கு இங்கே மதிப்பெண் இல்லாமல் இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண். பிளஸ் டூ இயற்பியலிலும் வேதியியலிலும் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இந்த 20 எப்படியும் வந்துவிடும் என்ற நம்பிக்கை மாணவர், பெற்றோர், ஆசிரியர் என்று எல்லோரிடமும் ஊறியிருக்கிறது. வந்தும் விடுகிறது. அதனாலேயே ஆய்வகப் பாடவேளை சிறப்பு வகுப்பாக மாறுகிறது. ரெக்கார்டு நோட்டு முந்தைய ஆண்டு அண்ணனின் நோட்டைப் பார்த்து நிரம்புகிறது.

இதைவிடக் கெடுதலான பழக்கம், விடையிலிருந்து பின்னோக்கி ரீடிங் போடுவது. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். அதற்கேற்ற அலைவு நேரத்தைக் கணக்கிட்டு அட்டவணையில் எழுதினால் நோட்டு அழகாகத்தான் இருக்கும். எழுதிய பிள்ளை கற்றுக்கொண்டது மட்டும் ஒன்றுமில்லை. 9.4 வந்த மாணவி அதை அப்படியே எழுதி, எங்கே பிசகியது என்று தேடியிருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் பத்து சோதனைகளின் பாடத்தைக் கற்றிருப்பாள்.

இப்போது இதன் விலை கூடியிருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2024 நீட் தேர்வுக்காகத் திருத்திய பாடத்திட்டத்தில், இயற்பியலின் கடைசி அலகே செய்முறைத் திறன்கள்தான். வெர்னியர் அளவி, திருகு அளவி, மீட்டர் சமனச்சுற்று, ஒத்ததிர்வுக் குழாய், செனார் டையோடு எல்லாம் அதில் உண்டு. வேதியியலிலும் உப்பு ஆய்வும் தரம் பார்த்தலும் கடைசி அலகில் இருக்கின்றன. நீட் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் வேறு. வேண்டாம் என்பதற்குத் தமிழ்நாடு சொல்லும் காரணங்கள் வலுவானவை. ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீட்டை நம்பிச் செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் ஜமுனாமரத்தூரிலிருந்தும் தேர்வு எழுதப்போகும் பிள்ளையால் அந்த வாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது. நீட் தேர்வறையில் பிப்பெட்டைக் கையில் தரமாட்டார்கள். பிப்பெட் பிடித்த கைக்கு மட்டும் எளிதாகத் தெரியும் கேள்வியைத் தாளில் கேட்பார்கள்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் தரம் பார்த்தலையே எடுத்துக்கொள்ளலாம். பியூரெட்டில் வழக்கமாகக் கீழ்ப்பிறையைப் பார்த்து அளவெடுப்பார்கள். பெர்மாங்கனேட்டின் நிறம் அடர்த்தியானது, கீழ்ப்பிறை தெரியாது. அதனால் மேல் விளிம்பைப் படிக்க வேண்டும். குடுவையில் நீர்த்த சல்ஃபியூரிக் அமிலம் ஊற்றுவார்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் அதுவே ஆக்சிஜனேற்றமடைந்து குளோரினாகும், பெர்மாங்கனேட் கூடுதலாகச் செலவாகும். அமிலம் போதாவிட்டால் கரைசல் பழுப்பாகக் கலங்கும். ஆக்சாலிக் அமிலத்தைச் சூடாக்காமல் தொடங்கினால் முதல் சில துளிகளின் நிறம் மறைய நேரமாகும். இவற்றில் எதுவும் கடினமான பாடமில்லை. ஒருமுறை குடுவையில் பழுப்பு நிறத்தைப் பார்த்துத் திடுக்கிட்ட பிள்ளைக்கு ஆயுளுக்கும் மறக்காது. கைடு புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளைக்கு நான்கு விடைகளும் ஒரே மாதிரி தெரியும்.

அப்படியானால் எப்படித் தயாராவது? முதல் வேலை, அப்சர்வேஷன் நோட்டை மீட்பது. அதில் அடித்தல் திருத்தல் இருக்கட்டும். கருவியை எடுத்ததும் மீச்சிற்றளவையும் சுழிப்பிழையையும் எழுதிவிட்டுத்தான் அளவெடுக்கத் தொடங்க வேண்டும். வெர்னியரில் 2.36 செ.மீ. என்று படித்து, சுழிப்பிழை நேர்க்குறியில் 0.04 என்றால் சரியான அளவு 2.32. கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் வாய்பாட்டை உருப்போடுவதால் வருவது. பொருளே இல்லாதபோது கருவி 0.04 காட்டுகிறது, அது பொருளுக்குச் சொந்தமில்லை என்று கண்ணால் பார்த்தவருக்கு அந்தக் குழப்பம் வராது.

அடுத்தது, ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ஒரு ‘ஏன்’ எழுதுவது. மீட்டர் சமனச்சுற்றில் தெரிந்த மின்தடையையும் தெரியாத மின்தடையையும் ஏன் இடம் மாற்றுகிறோம்? சமநிலைப் புள்ளி கம்பியின் நடுப்பகுதிக்கு அருகில் ஏன் இருக்க வேண்டும்? குவிலென்சில் ஏன் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தொலைவுகளுக்கு அளவெடுக்கிறோம்? நோட்டில் இருபது சோதனைகள் இருந்தால் நூறு ‘ஏன்’ தேறும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் புரட்ட வேண்டிய பக்கங்கள் அவை.

ஆய்வகம் பூட்டிக் கிடந்தாலும் சில சோதனைகள் வீட்டுக்கு வரும். தைக்கும் நூல், ஒரு இரும்பு நட்டு, கைபேசியின் நிறுத்துக்கடிகாரம் போதும். ஒரு மீட்டர் ஊசலின் அலைவு நேரம் சுமார் 2 விநாடி. கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 விநாடி பிசகினால், ஒரே அலைவை அளப்பவருக்கு 10 விழுக்காடு பிழை. இருபது அலைவுகளை எண்ணுபவருக்கு அரை விழுக்காடு. ஐந்தாறு நீளங்களுக்கு அளவெடுத்து, நீளத்துக்கும் அலைவு நேரத்தின் இருமடிக்கும் வரைபடம் போட்டால் நேர்கோடு வரும். நட்டின் மையம் வரை அளக்காமல் நூலை மட்டும் அளந்திருந்தால் அந்தக் கோடு தொடக்கப்புள்ளி வழியே போகாது. சரிவு மட்டும் மாறாது, அதனால் புவியீர்ப்பு முடுக்கம் சரியாகவே கிடைக்கும். திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு பிள்ளை இதைத் தானே கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய மகிழ்ச்சி!

தமிழிலேயே இப்படிப்பட்ட வினாக்களை எழுதிப் பழகியவர்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் பௌதிகவியல் இரண்டாம் தாளின் அமைப்புக் கட்டுரைப் பகுதியில், ஆய்வுகூடப் பரிசோதனைகளை ஒட்டிய வினாக்கள் வழக்கமாக வரும். என்ன உபகரணம் விடுபட்டிருக்கிறது, எந்த வரைபு வரைய வேண்டும், சதவீத வழுவைக் குறைப்பது எப்படி என்று அவை கேட்கும். யாழ்ப்பாணத்து மாணவர்கள் விடையெழுதிய பழைய வினாத்தாள்கள் திருவண்ணாமலை மாணவருக்கும் நல்ல பயிற்சி. அவர்கள் வேணியர் இடுக்கிமானி என்பதை நாம் வெர்னியர் அளவி என்கிறோம், அவ்வளவுதான். இங்கிலாந்திலும் 2018 முதல் ஜிசிஎஸ்இ அறிவியல் எழுத்துத் தாள்களில் குறைந்தது 15 விழுக்காடு மதிப்பெண் செய்முறை குறித்த வினாக்களுக்கு உரியது.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வும் இதைச் செய்யலாம். ஆய்வகத்துச் செய்முறைத் தேர்வு இருக்கட்டும், அதைக் கைவிடக் கூடாது. அதோடு 70 மதிப்பெண் எழுத்துத் தாளில், ஒரு மாணவரின் பிழையான அட்டவணையைக் கொடுத்து எங்கே தவறு என்று கேட்கும் ஐந்து மதிப்பெண் வினா கட்டாயமாக ஒன்று வரட்டும். அந்த ஒரு வினா வந்துவிட்டால், ஆய்வகப் பாடவேளையை வேறு பாடத்துக்குக் கடன் கொடுக்கப் பள்ளிகள் தயங்கும், கைடு விற்பவர்களும் அதற்கு ஆயத்த விடை அச்சடிக்க முடியாது.

அதுவரை, ஜனவரியிலிருந்து செய்முறைத் தேர்வு தொடங்கும் நாள் வரை சனிக்கிழமைக் காலைகளில் ஆய்வகங்களைத் திறந்து வைக்க மாவட்டக் கல்வி நிர்வாகம் ஏற்பாடு செய்யலாம். சாவியும், கூடவே நிற்க ஒரு ஆசிரியரும், கழுவி வைத்த பியூரெட்டுகளும் போதும்.